சிவிதாவெக்கியாவில் 12 மணி நேரம் கப்பல் நிற்கிறது: ரோமுக்கு நாமே போய்வர முடியுமா?

கொற்கை:
மே மாதம் பார்சிலோனாவில் ஏறும் ஏழு இரவு கப்பல் பயணம். ஒரு வியாழக்கிழமை காலை 7 மணிக்கு ரோமுக்கான துறைமுகமான சிவிதாவெக்கியா வருகிறது, மாலை 7-க்குக் கிளம்புகிறது. எல்லாரும் 6.30-க்குள் ஏறியிருக்க வேண்டுமாம். மறுநாள் காலை நேப்பிள்ஸ். நாங்கள் நாலு பேர்: நானும் மனைவியும், பதினொரு வயது மகள், 68 வயது அம்மா. அம்மா சமதரையில் மெதுவாக நடப்பார். முழங்கால் வலி, படி ஏறுவது கஷ்டம்.

கப்பல் கம்பெனியே ரோமுக்கு பஸ் விடுகிறது. கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப அழைத்து வருவார்கள், அவ்வளவுதான், வழிகாட்டிகூடக் கிடையாது. நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கிறது. ரயிலில் நாமே போனால் என்ன? ஒரே நாளில் கொலோசியம், வாத்திகன் இரண்டையும் பார்க்க முடியுமா? ரயில் தாமதமாகிக் கப்பலை விட்டுவிட்டால் என்ன கதி? நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது.

தண்டவாளம்:
போகலாம். ஆனால் திட்டத்தைக் காலையிலிருந்து போடாதீர்கள், மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

6.30-க்கு ஏற வேண்டும் என்றால் 5.15-க்குக் கப்பல் வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்திலிருந்து கப்பலடிக்குத் துறைமுகத்தின் இலவச பஸ் ஓடும். மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவதால் அங்கே வரிசை நிற்கும். அதற்கும் கப்பல் பாதுகாப்புச் சோதனைக்கும் சேர்த்து 35, 40 நிமிடம் ஒதுக்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து லார்கோ தெல்லா பாச்சே வரை கடலோரமாக நடந்தால் 20 முதல் 25 நிமிடம். அம்மாவுக்கு அது வேண்டாம், காசு கொடுத்துப் போகும் பஸ் இருக்கிறது. ஆக, சிவிதாவெக்கியா நிலையத்தில் 4 மணி வாக்கில் இறங்க வேண்டும். அதற்கு வாத்திகனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோம் சான் பியேத்ரோ நிலையத்தில் 3 மணிக்கே பிளாட்ஃபாரத்தில் நிற்க வேண்டும். அந்த ரயில் ரத்தானாலும் அடுத்ததும் அதற்கடுத்ததும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இந்த நாளின் மொத்த சூட்சுமம்.

ஏறவேண்டியது சாதாரண ரெஜியோனாலே ரயில். ஒரு வழிக்கு 4.60 யூரோ, எப்போது வாங்கினாலும் அதே விலை. டிக்கெட் இயந்திரம் இன்டர்சிட்டி ரயில்களையும் காட்டும். அவை விலை கூட, நேரத்தில் பெரிய லாபம் இல்லை, சான் பியேத்ரோவில் நிற்கவும் நிற்காது. ரெஜியோனாலேயில் சான் பியேத்ரோவுக்கு 45-லிருந்து 55 நிமிடம், ரோமின் தலைமை நிலையமான டெர்மினிக்கு ஒன்றேகால் மணி நேரம் வரை. போகும்போது வலப்பக்க ஜன்னல் பிடித்தால் சாந்தா செவேராவின் கடலோரக் கோட்டை தெரியும்.

பிர்க் என்று ஒரு நாள் டிக்கெட் உண்டு, 12 யூரோ. அன்று நள்ளிரவு வரை இந்த ரயிலும் ரோம் நகரின் பஸ், டிராம், மெட்ரோவும் அதில் அடக்கம். போகவர 9.20, நகருக்குள் ஒரு டிக்கெட் 1.50 (100 நிமிடம் செல்லும், மெட்ரோவுக்குள் ஒருமுறைதான் நுழையலாம்). இரண்டு முறை பஸ் ஏறினாலே 12.20 ஆகிவிடுகிறது. ஒரே முறைதான் ஏறப்போகிறீர்கள் என்றாலும் பிர்க் வாங்குங்கள் என்பேன். மாலையில் டிக்கெட் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. விலை ஏறியிருக்கலாம், கணக்கு பெரிதாக மாறாது. நகரப் பஸ்ஸில் பத்து வயது வரைதான் இலவசம், ஆகவே உங்கள் மகளுக்கும் ஒன்று வேண்டும்.

காகித டிக்கெட் என்றால் பிளாட்ஃபாரத்துக்குப் போகுமுன் சுவரில் இருக்கும் பச்சை வெள்ளைப் பெட்டியில் செருகி முத்திரை விழவையுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டும் வெளியூர்க்காரர்கள் அந்தப் பாதையில் ஏராளம். பிர்க்கில் பெயர், தேதி எழுதும் இடத்தை நிரப்ப வேண்டும். செயலியில் வாங்கினால் ரயில் கிளம்புமுன் செக்-இன் கேட்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. திரும்பும்போது பலகையில் சிவிதாவெக்கியா என்றே தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பல ரயில்கள் அதைத் தாண்டி கிரோசெத்தோவுக்கும் பீசாவுக்கும் போகிறவை. பலகையில் கடைசி ஊரின் பெயர்தான் பெரிதாக வரும். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. மின்பலகையில் ரிதார்தோ என்ற கட்டத்தில் எண் இருந்தால் அத்தனை நிமிடம் தாமதம். கான்செல்லாத்தோ என்றால் ரத்து.

நடைவண்டி:
ரயில் விஷயம் தண்டவாளம் சொல்லிவிட்டார். நான் ஊருக்குள் வருகிறேன்.

கொலோசியம், வாத்திகன் அருங்காட்சியகம் இரண்டும் ஒரே நாளில் என்பது அம்மா, குழந்தையோடு நடக்காது. இரண்டிலும் நேரம் குறித்த டிக்கெட், பாதுகாப்பு வரிசை, நடுவில் ஊரைக் குறுக்கே தாண்டும் பயணம். எங்கேயும் நின்று பார்க்க நேரம் இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என் ஓட்டு வாத்திகன் பக்கம், அதிலும் அருங்காட்சியகம் இல்லாமல் புனித பேதுரு பேராலயம் மட்டும். சான் பியேத்ரோவில் இறங்கினால் சதுக்கம் 10, 15 நிமிட நடை. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. சதுக்கத்தின் வலப்பக்கத் தூண்வரிசை அருகில் சோதனை வரிசை; 9 மணிக்குள் போய்விட்டால் தாங்கும், 11 மணிக்கு வெயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் சேர்த்துத்தான். சேலை, சுடிதார், வேட்டி எதற்கும் தடை இல்லை, அரைக்கால் சட்டையைத்தான் நிறுத்துவார்கள். புதன்கிழமை என்றால் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். உங்களுடையது வியாழன், தப்பித்தீர்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் முதல் வழிபாட்டறையில் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிலை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்தபின் கண்ணாடிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம், அம்மாவுக்கு ஆகாது. வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் உண்டு, காவலரிடம் கேட்டால் காட்டுவார்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வாத்திகன் தபால்தலை வாங்கி அங்கேயே உள்ள பெட்டியில் அட்டை போடச் சொல்லுங்கள். அந்தத் தபால்தலை தெருவைத் தாண்டி இத்தாலியத் தபால்பெட்டியில் போட்டால் செல்லாது.

அங்கிருந்து நேராகக் கிழக்கே காஸ்தெல் சான்த் ஆஞ்செலோ கோட்டை, தேவதைச் சிலைகள் நிற்கும் பாலம், பியாட்சா நவோனா சதுக்கம், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், திரேவி நீரூற்று. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, சமதரை. ஆனால் தரை முழுக்க சம்பியெத்ரினி என்ற கறுப்புக் கற்கள், உள்ளங்கை அளவு, இடுக்கு இடுக்காக. மெல்லிய செருப்பு போட்டால் ஒரு மணி நேரத்தில் பாதம் எரியும், சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்குக் கை கழன்றுவிடும். அம்மாவை சதுக்கத்துக்குப் பக்கத்து டாக்சி நிறுத்தத்திலிருந்து பாந்தியன் வரை வெள்ளை டாக்சியில் அழைத்துப்போய்விடுங்கள், நாலு பேருக்கும் இடம் இருக்கும். மீட்டர் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் கொண்டுவந்தார்கள். முகப்பில் அக்ரிப்பா கட்டினான் என்று எழுதியிருக்கும். இப்போது நிற்கும் கட்டடம் பேரரசன் ஹாத்ரியன் காலத்தது, பழையது எரிந்தபின் எழுப்பியது, பெயரை மட்டும் பழையபடி வைத்தான். கூரையின் வட்டத் திறப்பில் கண்ணாடி எதுவும் இல்லை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். தரையில் அந்த நீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. கூட்டம் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது மகளைக் கீழே தேடச் சொல்லுங்கள்.

திரேவியில் கூட்டம் அதிகம், மேலிருந்தே பார்த்துவிட்டு நகரலாம்.

எழுகல்:
நடைவண்டி சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ரோமுக்குப் போய்க் கொலோசியத்தைப் பார்க்காமல் வந்தால் அந்தப் பதினொரு வயது மகள் மன்னிப்பாளா?

அந்தப் பக்கம் போவதென்றால் டெர்மினி வரை போகவேண்டாம். அதே ரயிலில் ஓஸ்தியென்சே நிலையத்தில் இறங்குங்கள். சுரங்க நடைபாதை வழியே பிராமிதே மெட்ரோ. பேர் சும்மா வைக்கவில்லை: நிலையத்துக்கு வெளியே கெஸ்தியுஸ் என்பவரின் கல்லறையாக 36 மீட்டர் உயரப் பிரமிடு ஒன்று 2,000 ஆண்டாக நிற்கிறது. பி வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியோ. படியேறி வெளியே வந்தால் எதிரே முழுசாக.

டிக்கெட் 18 யூரோ, அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாளைக்கு முன்தான் விற்பனைக்கு வரும், மே மாதத்தில் சீக்கிரம் தீரும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பெயர் இருக்கும், அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் மகள் பேரிலும் பூஜ்ய விலை டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நுழைவு நேரம் 10.30-க்கு முன்னால் போடாதீர்கள். கப்பல் 7 மணிக்குக் கட்டினாலும் இறங்க விடும்போது 7.30, 7.45 ஆகிவிடும்.

அதே டிக்கெட்டில் பழைய ரோமின் நகர மையமான ரோமன் ஃபோரத்தின் இடிபாடுகளும் பலத்தீன் குன்றும் சேர்த்தி. உங்கள் அம்மாவுக்கு ஃபோரம் வேண்டாம்: மேடு பள்ளம், பழைய ரோமானியக் கல்பாதை, நிழல் கிடையாது. ஃபோரி இம்பெரியாலி சாலையில் நடந்தாலே வேலிக்கு அப்பால் பாதி தெரியும். கொலோசியத்தில் மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது.

நடைவண்டி:
எழுகல், டிக்கெட் கிடைத்தால் உங்கள் வழி நல்லதுதான். ஆனால் 10.30-க்கு நேரம் போட்டுவிட்டு அன்று கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாகக் கட்டினால் 18 யூரோவும் போச்சு, நாளின் நடுவும் போச்சு. பேராலயத்துக்கு முன்பதிவு தேவையில்லை, எத்தனை மணிக்கு வந்தாலும் வரிசையில் நிற்கலாம். அதற்காகத்தான் சொன்னேன்.

நங்கூரம்:
கப்பலை விட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கப்பல் கம்பெனியின் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் பொறுப்பு அவர்களுடையது. தனியாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். முதல்நாள் இரவு அறையில் வைக்கும் தினத்தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக்கு இருக்கும் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்திலும் எழுதிப் பையில் வையுங்கள். நேரத்தையும் அதே தாளில் சரிபாருங்கள், முன்பதிவில் போட்டிருந்தது மாறியிருக்கலாம். கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கப்பல் மணிக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும்போது கைபேசி தானாக மணியை மாற்றிக்கொண்டு ஏமாற்றுவது உண்டு.

4 மணிக்கு ரயில் எல்லாம் நின்றுவிட்டது என்று தெரிந்தால் தயங்காமல் டாக்சி. சுமார் 80 கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம்; நூறு யூரோவுக்கு மேல்தான் ஆகும், ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள். நாலு பேர் கப்பலை விடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை. 5.30-க்கு மேல் இன்னும் ரோமிலேயே இருக்கிறீர்கள் என்றால் துறைமுகத்துக்கு ஓடாதீர்கள். முகவருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் ரோமிலேயே இரவு தங்கி, காலையில் டெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் போய் ஏறிக்கொள்ளலாம். 1 மணி 10 நிமிடம்தான், நேப்பிள்ஸில் கப்பல் ஊர் நடுவிலேயே கட்டுகிறது. அடுத்த துறை நேப்பிள்ஸாக அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்தது ஸ்பெயினின் தீவான மயோர்க்காவாக இருந்திருந்தால் விமானம்தான்.

அம்மாவின் மாத்திரை ஒரு நாளைக்கு அதிகமாகவே கைப்பையில் இருக்கட்டும்.

வேலைநிறுத்தம்: இத்தாலிய மொழியில் ஷோப்பெரோ. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள், போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் பட்டியல் வரும். பத்து நாள் முன்பிருந்து பாருங்கள். வேலைநாள் வேலைநிறுத்தத்தில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும் என்பார்கள். இதில்தான் பொறி இருக்கிறது: காலை ரயில் ஓடும், சந்தோஷமாகப் போய்விடுவீர்கள், திரும்பும் உறுதி ரயில் மாலை 6 மணிக்குப் பிறகுதான், உங்கள் கப்பலோ 6.30-க்குக் கதவடைக்கிறது. அன்று ஷோப்பெரோ என்று தெரிந்தால் பேசாமல் கப்பலின் பஸ்ஸுக்கே காசு கட்டுங்கள்.

கொற்கை:
எல்லாருக்கும் நன்றி. பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்களாமே? அப்புறம் வாத்திகன் வழியில் போனால் திரும்ப எங்கே ரயில் ஏறுவது? திரேவியிலிருந்து மறுபடி சான் பியேத்ரோ வரை நடக்க முடியாதே. 64-ஆம் எண் பஸ் போகிறது என்று பார்த்தேன்.

நங்கூரம்:
சில கம்பெனிகள் வாங்கி வைக்கும், சில வாங்காது. கொடுக்குமுன் முகப்புப் பக்கமும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான) விசா பக்கமும் நகலெடுத்து வையுங்கள். கப்பல் அட்டையோடு அது போதும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவில் பலமுறை நுழைவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மட்டும் என்றால் தொல்லையில்லை. நடுவில் துனிசியா மாதிரி ஷெங்கனுக்கு வெளியே ஒரு துறை வந்தாலே ஒற்றை நுழைவு விசா தீர்ந்துபோகும்.

நடைவண்டி:
64 சான் பியேத்ரோ நிலையம் வரை போவது உண்மை. டெர்மினியிலிருந்து வருவதால் எப்போதும் கூட்டம், ஜேப்படிக்குப் பேர்போன பஸ். பின்பாக்கெட்டில் எதுவும் வேண்டாம், பை முன்பக்கம், கதவோரம் நிற்காதீர்கள். கதவு மூடப்போகும் நொடியில்தான் கை நீளும்.

அதைவிட நல்ல வழி: பாந்தியனிலிருந்து ஐந்தாறு நிமிட நடையில் லார்கோ அர்ஜென்தீனா. அங்கே தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கும் கோயில் இடிபாடுகளின் ஓரத்தில்தான் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்தினார்கள். இப்போது பூனைகள் படுத்திருக்கும். அங்கிருந்து 8-ஆம் எண் டிராம் திராஸ்தேவெரே நிலையம் வரை போகும். தண்டவாள வேலை நடந்தால் பதிலுக்கு அதே எண்ணில் பஸ் விடுவார்கள். சிவிதாவெக்கியா ரயில்கள் திராஸ்தேவெரேயில் நின்றுதான் சான் பியேத்ரோ வருகின்றன. ஒரு நிறுத்தம் முன்னால் ஏறுவதால் அம்மாவுக்கு இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கீரைக்கட்டு:
சாப்பாடு. துண்டுபோட்டு எடைக்கு விற்கும் பீட்சா கடைதான் உங்களுக்கு உகந்தது, பீட்சா அல் தாலியோ. எவ்வளவு வேண்டுமென்று கையால் காட்டினால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். மார்கெரீட்டா, உருளைக்கிழங்கு போட்டது, வெறும் தக்காளி தடவிய ரோஸ்ஸா எல்லாம் சைவம். சீஸே வேண்டாம் என்றால் மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ. பார்மிஜானோ, பெக்கோரினோ என்ற இரண்டு சீஸும் கன்றின், ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறையவைப்பவை. கறாரான சைவம் என்றால் தள்ளிவையுங்கள். பாஸ்தாவில் கார்போனாரா என்றால் பன்றியும் முட்டையும், அமத்ரிசியானா என்றால் பன்றி. சுப்லீ என்ற சோற்று உருண்டை பார்க்க நம்ம ஊர் போண்டா மாதிரி இருக்கும். வழக்கமான செய்முறையில் உள்ளே கறிக் குழம்பு, ஏமாறாதீர்கள்.

தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். தெருமுனைகளில் நாசோனே என்ற இரும்புக் குழாய்த்தூண் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், குடிநீர்தான். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வில்லாகப் பாயும், குனியாமல் குடிக்கலாம்.

எழுகல்:
கொற்கைக்கு அல்ல, பின்னால் இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு: ரோம் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றால் எதிர்த்திசையில் வடக்கே போகும் ரயிலில் கால் மணி நேரத்தில் தார்குவீனியா. ரோமுக்கு முந்திய எத்ரூஸ்கர்களின் ஓவியம் தீட்டிய நிலத்தடிக் கல்லறைகள், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. நிலையம் கீழே, ஊர் மேலே, நடுவில் பஸ். ஒவ்வொரு கல்லறைக்கும் படி இறங்க வேண்டும். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

கொற்கை:
முடிவு பண்ணியாயிற்று. 8 மணி வாக்கில் ரயில், சான் பியேத்ரோ, பேராலயம், டாக்சியில் பாந்தியன், சாப்பாடு. பிறகு மகளும் மனைவியும் திரேவி பார்த்து வரட்டும், அம்மாவும் நானும் பாந்தியன் எதிரே உட்கார்ந்திருப்போம். திரேவியிலிருந்து டெர்மினி பக்கம் என்பதால் அவர்கள் அங்கே ரயில் ஏறிக்கொள்ள, நாங்கள் திராஸ்தேவெரேயில் அதே ரயிலில் ஏறலாம் என்று நினைக்கிறேன்.

தண்டவாளம்:
கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். டெர்மினியில் சிவிதாவெக்கியா ரயில்கள் 25-லிருந்து 30 வரையிலான பிளாட்ஃபாரங்களில் நிற்கும். அது நிலையத்தின் கோடியில், முன்கூடத்திலிருந்து வேகமாக நடந்தாலே பத்து நிமிடம். முதல்முறை போகிறவர்கள் ரயிலைத் தவறவிடுவது அங்கேதான். அதோடு இரண்டு அணியாகப் பிரிந்தால் ஒரு அணி தவறவிட்டது இன்னொரு அணிக்கு ஓடும் ரயிலில் வைத்துத்தான் தெரியும். பாந்தியன் முன்னால் 2 மணிக்கு எல்லாரும் கூடுங்கள், 2.15-க்கு டிராம், 2.45-க்கு திராஸ்தேவெரே. அந்த ரயிலில் இடமில்லை என்றால் அடுத்ததற்கு நில்லுங்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி: பாந்தியன் எதிரே காபிக்கடை நாற்காலியில் உட்கார்ந்தால் நின்று குடிப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை. நடுவில் இருக்கும் நீரூற்றின் படிகள் இலவசம், ஆனால் வெயில். அம்மாவுக்காக நாற்காலிக்கே கொடுத்துவிடுங்கள்.